லாப நட்டக் கணக்கு மட்டும் கையில் இருந்தால் பணப்புழக்கத்தை எப்படிக் கணிப்பது?

மழைத்துளி:
வணக்கம் நண்பர்களே. பங்குச் சந்தையில் பட்டியலிடப்படாத ஒரு மொத்த விநியோக நிறுவனத்தின் லாப நட்டக் கணக்கு என்னிடம் இருக்கிறது. இருப்புநிலைக் குறிப்பும் பணப்புழக்க அறிக்கையும் இன்னும் ஆடிட்டர் மேஜையில்தான் கிடக்கின்றன. அவை வருவதற்குள் செயல்பாட்டுப் பணப்புழக்கம் (அன்றாடத் தொழிலை நடத்தியதில் கைக்கு வந்த நிகரப் பணம்) எவ்வளவு இருக்கும் என்று நான் ஒரு மதிப்பீடு கொடுத்தாக வேண்டும். எண்கள் கோடியில்:

விற்பனை 1,200 (போன வருடம் 1,000)
விற்ற சரக்கின் அடக்கவிலை 840 (போன வருடம் 700)
சம்பளம், நிர்வாகம், மற்ற செலவுகள் 210
தேய்மானம் 48
வட்டிச் செலவு 22
இதர வருமானம் 15
வரிக்கு முந்தைய லாபம் 95
வரி 24
நிகர லாபம் 71

நிகர லாபத்தோடு தேய்மானத்தைக் கூட்டினால் 119 வருகிறது. பல இடங்களில் இந்தச் சூத்திரத்தைத்தான் பார்த்தேன். இதையே எழுதிக் கொடுத்துவிடலாமா?

காளைக்கொம்பு:
இதற்கு எதற்கு இவ்வளவு யோசனை? எபிட்டா, அதாவது வட்டி, வரி, தேய்மானம் இவற்றுக்கு முந்தைய லாபத்தைப் பாருங்கள். 1,200-இல் 840-ஐயும் 210-ஐயும் கழித்தால் 150. வரி 24 போக 126. பங்குச் சந்தையில் பாதிப் பேர் இதை வைத்துத்தான் விலையே போடுகிறார்கள். அடுத்த வேலையைப் பார்க்கப் போகலாம்.

பேரேடு:
மழைத்துளி, 119-ஐ இப்போதைக்குக் கொடுக்காதீர்கள். முதலில் மூன்று விவரம் வேண்டும். இதர வருமானம் 15-இல் என்னென்ன இருக்கிறது? வரி 24-இல் இந்த வருடம் கட்ட வேண்டியது எவ்வளவு, ஒத்திவைக்கப்பட்ட வரி எவ்வளவு? போன வருட இருப்புநிலைக் குறிப்பாவது கிடைக்குமா?

மூன்றாவதுதான் முக்கியம். அது இல்லையென்றால் இதே தொழிலில் இருக்கும் வேறு நிறுவனத்தின் எண்களைக் கடன் வாங்க வேண்டியிருக்கும். அப்போது மதிப்பீட்டின் மேல் நம்பிக்கை பாதியாகிவிடும்.

மழைத்துளி:
கிடைத்தது சார். இதர வருமானத்தில் 11 ஒரு நிலம் விற்ற லாபம், மீதி 4 வங்கி வைப்புக்கு வந்த வட்டி. வரியில் நடப்பு வரி 19, ஒத்திவைக்கப்பட்ட வரி 5. செலவு 210-இல் வாராக்கடனுக்கு ஒதுக்கியது 6 இருக்கிறது என்றும் சொன்னார்கள்.

போன வருடக் கடைசியில் வாடிக்கையாளர்களிடம் வரவேண்டிய பாக்கி 200, சரக்கிருப்பு 105, சப்ளையர்களுக்குத் தரவேண்டிய பாக்கி 70.

பேரேடு:
அப்படியானால் வேலை சுலபம். இரண்டு கட்டமாகச் செய்யலாம்.

முதல் கட்டம், லாபத்துக்குள் இருக்கும் பணமில்லாத இனங்களை வெளியே எடுப்பது. தேய்மானம் என்பது என்றைக்கோ வாங்கிய சொத்தின் விலையை வருடா வருடம் பிரித்து எழுதுவது. இந்த வருடம் யாருக்கும் காசு போகவில்லை. அதனால் 71-உடன் 48-ஐத் திருப்பிச் சேர்க்கிறோம், 119. ஒன்று கவனியுங்கள், தேய்மானம் பணத்தைக் கொண்டுவரவில்லை. லாபத்தைக் கணக்கிடும்போது கழித்ததை ரத்து செய்கிறோம், அவ்வளவுதான். நிறைய பேர் தேய்மானத்தையே ஒரு வரவு மாதிரிப் பேசுவதால் சொல்கிறேன்.

நிலம் விற்ற லாபம் 11-ஐக் கழிக்க வேண்டும். நிலத்துக்கு வந்த முழுத் தொகையும் பணப்புழக்க அறிக்கையின் முதலீட்டுப் பகுதியில் வரும். இங்கேயும் விட்டுவைத்தால் ஒரே பணத்தை இரண்டு இடத்தில் எண்ணிவிடுவோம். 108. ஒத்திவைக்கப்பட்ட வரி 5 இந்த வருடம் கட்டாதது, அதைக் கூட்டினால் 113.

உங்கள் சூத்திரம் பாதி வழியில் நின்றுவிடுகிறது. இனிமேல்தான் விஷயமே.

விற்பனை 1,200 என்றால் 1,200 கைக்கு வந்துவிட்டது என்று அர்த்தமில்லை. போன வருடம் 1,000 விற்பனைக்கு 200 பாக்கி, அதாவது ஐந்தில் ஒரு பங்கு, 73 நாள் விற்பனை. அதே பழக்கம் தொடர்ந்தால் இந்த வருடக் கடைசியில் பாக்கி 240 ஆகியிருக்கும். 40 உள்ளே மாட்டிக்கொண்டது. சரக்கிருப்பு அடக்கவிலையில் 15 சதவீதம். 840-க்கு 126, கூடுதலாக 21 முடங்குகிறது. சப்ளையர் பாக்கி அடக்கவிலையில் 10 சதவீதம். 84 ஆகும், அந்த வகையில் 14 நமக்கு மிச்சம். 40, 21 இரண்டையும் கூட்டி 14-ஐக் கழித்தால் 47.

113-இல் 47 போனால் 66. என் மதிப்பீடு இதுதான். நிகர லாபத்தைவிடக்கூடக் குறைவு என்பதைக் கவனியுங்கள்.

ஓரப்பார்வை:
மாணவன் கேட்கிறேன், தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். வாராக்கடன் ஒதுக்கீடு 6-உம் பணமில்லாத செலவுதானே? அதை ஏன் கூட்டவில்லை?

பேரேடு:
நல்ல கேள்வி தம்பி. 200 என்பது ஒதுக்கீடு போக நிகரமாகக் காட்டப்பட்ட பாக்கி. அந்த விகிதத்தை வைத்துக் கணித்த 240-உம் நிகரத் தொகைதான். அதாவது ஒதுக்கீட்டின் பாதிப்பு பாக்கி மாறுதலுக்குள்ளேயே அடங்கிவிட்டது. மேலே 6-ஐயும் கூட்டினால் இரட்டிப்பு. மொத்தப் பாக்கியை வைத்துக் கணக்குப் போடுபவர்கள் ஒதுக்கீட்டைத் தனியாகக் கூட்டலாம். இரண்டில் ஒரு வழியில் போங்கள், கலக்காதீர்கள். பரீட்சையிலும் வேலையிலும் ஆட்கள் அதிகம் வழுக்கி விழும் இடம் இது.

இன்னொன்று. எல்லா நிறுவனமும் தேய்மானத்தைத் தனி இனமாகக் காட்டாது. அடக்கவிலைக்குள்ளும் நிர்வாகச் செலவுக்குள்ளும் பிரித்துப் போட்டிருப்பார்கள். அப்போது லாப நட்டக் கணக்கின் முகப்பில் தேடினால் கிடைக்காது, பின்குறிப்புகளுக்குப் போக வேண்டும்.

காளைக்கொம்பு:
126 எங்கே, 66 எங்கே! வளர்கிற நிறுவனத்துக்கு இப்படித் தண்டனை கொடுப்பீர்களா? பாக்கியில் நிற்கும் 40 அடுத்த வருடம் வசூலாகிவிடும். வந்து சேரப்போகிற பணத்தைச் செலவுபோலக் கழிப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

நெடுந்தூரம்:
கடன் கொடுக்கும் பக்கத்தில் இருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன். அந்த 40 வசூலாகும், உண்மை. ஆனால் அதற்குள் புதிதாக விற்ற சரக்குக்கு அடுத்த பாக்கி வந்து உட்கார்ந்திருக்கும். விற்பனை ஏறிக்கொண்டே இருக்கும்வரை பாக்கியின் மொத்த அளவு இறங்காது. விற்பனை இறங்கினால்தான் அந்தப் பணம் வெளியே வரும். விற்பனை சரியும் வருடத்தில் சில நிறுவனங்களின் பணப்புழக்கம் திடீரென்று அழகாகத் தெரிவதற்கும் இதுதான் காரணம். பாக்கியை வசூலித்து, கிடங்கைக் காலி செய்து வரும் பணம் அது. அதைத் தொழிலின் சம்பாத்தியம் என்று நினைத்துக் கடன் கொடுத்தால் நாங்கள் மாட்டிக்கொள்வோம்.

நிகர லாபத்தோடு தேய்மானத்தைக் கூட்டும் பழக்கத்துக்கு ஒரு வரலாறே உண்டு. அமெரிக்காவில் டபிள்யூ.டி. கிரான்ட் என்று பெரிய சில்லறைக் கடைச் சங்கிலி இருந்தது. 1975-இல் திவாலானது. அதற்கு இரண்டு வருடம் முன்னால்கூட, 1973-இல், அதன் பங்கு லாபத்தைப்போல் ஏறக்குறைய 20 மடங்கு விலைக்குக் கைமாறியது. லாபம் இருந்தது. லாபத்தோடு தேய்மானம் முதலியவற்றைச் சேர்த்து அன்று எல்லோரும் பார்த்துவந்த தொகையும் நன்றாகவே இருந்தது. ஆனால் கடைசிப் பத்து ஆண்டுகளில் பெரும்பாலும், தொழிலிலிருந்து உண்மையில் வந்த ரொக்கம் பூஜ்யத்துக்குக் கீழே. கடனுக்கு விற்ற பாக்கியும் கிடங்குச் சரக்கும் பணத்தை விழுங்கிக்கொண்டிருந்தன. 1980-இல் வந்த ஓர் ஆய்வுக் கட்டுரை இதைப் பிரித்துக் காட்டியது. அமெரிக்காவில் பணப்புழக்க அறிக்கையைக் கட்டாயமாக்கிய விதி 1987-இல்தான் வந்தது. அதுவரை இருந்த நிதி நிலை மாற்ற அறிக்கையில், பல நிறுவனங்கள் நடைமுறை மூலதனத்தின் (ரொக்கம், பாக்கி, சரக்கு இவற்றின் கூட்டில் குறுகியகாலக் கடன்கள் போக மிஞ்சுவது) மொத்த மாற்றத்தைத்தான் காட்டிவந்தன. பாக்கி ஏறினாலும் சரி, சரக்கு குவிந்தாலும் சரி, அந்தக் கணக்கில் எதுவும் குறையாது.

மழைத்துளி முதலில் போட்ட 119 அந்தக் காலத்து எண்தான். காளைக்கொம்பின் 126 அதற்கு உறவு, வட்டியைக்கூடக் கழிக்காத உறவு.

காளைக்கொம்பு:
1975-ஐ வைத்து என்னை மிரட்டுகிறீர்கள். இருக்கட்டும். பணப்புழக்க அறிக்கை மட்டும் பொய் சொல்லாதா என்ன?

நெடுந்தூரம்:
சொல்லும். அமெரிக்கத் தொலைபேசி நிறுவனம் வேர்ல்ட்காம் 2002 ஜூனில் ஒப்புக்கொண்டது நினைவிருக்கிறதா? மற்ற தொலைபேசி நிறுவனங்களின் இணைப்புகளைப் பயன்படுத்தக் கொடுத்த கட்டணத்தில் சுமார் 380 கோடி டாலரை, செலவாக எழுதாமல் சொத்தாக எழுதிவிட்டார்கள். அதனால் லாபம் ஏறியது, எபிட்டாவும் ஏறியது. அந்தப் பணம் முதலீட்டுப் பகுதிக்கு இடம் மாறியதால் செயல்பாட்டுப் பணப்புழக்கமும் சேர்ந்தே ஏறியது. பாக்கி, சரக்கு என்று எவ்வளவு கவனமாகத் திருத்தினாலும் இந்த வகை வேலை அதில் சிக்காது. சொத்து வாங்கிய செலவையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் புலப்படும்.

ஆனால் ஒன்று, இந்த உதாரணம் உங்கள் எபிட்டாவுக்கு உதவி செய்யவில்லை. சொத்தாக எழுதிய செலவு பின்னால் தேய்மானமாகத்தான் வரும். எபிட்டா தேய்மானத்துக்கு மேலே நிற்கும் எண் என்பதால், அங்கே முதல் அடியே அதற்குத்தான்.

மழைத்துளி:
சண்டை போடாதீர்கள், எனக்கு நாளை மறுநாள் கொடுக்க வேண்டும்! 66 என்று ஒரே எண்ணாகக் கொடுப்பதா, வரம்பாகக் கொடுப்பதா?

பேரேடு:
வரம்பாக. எது ஆட்டுகிறது என்று பாருங்கள். 1,200 விற்பனையில் ஒரு நாள் விற்பனை 3.3 கோடி. வாடிக்கையாளர்கள் 73 நாளுக்குப் பதில் 83 நாளில் கொடுத்தால் 33 குறையும், 66 பாதியாகிவிடும். 63 நாளில் கொடுத்தால் 99. தேய்மானம் 48-ஆ 50-ஆ என்று நீங்கள் மெனக்கெடும் நேரத்தில் வசூல் நாள் மொத்தக் கணக்கையும் புரட்டிவிடும். அதனால் 33 முதல் 99 வரை, நடுவில் 66, நிச்சயமின்மையில் பெரும்பகுதி வசூல் நாளில்தான் இருக்கிறது என்று எழுதிக்கொடுங்கள்.

பாக்கியில் மறைமுக வரியும் சேர்ந்திருக்கும், விற்பனையில் இருக்காது. அதனால் 73 நாள் என்பது சற்றே பெரிதாகத் தெரிகிற எண். இரண்டு வருடத்தையும் ஒரே முறையில் கணக்கிடுவதால் பாதகமில்லை.

நெடுந்தூரம்:
இதில் நான் ஒன்று சேர்க்க வேண்டும். வருட விற்பனையை வைத்துப் பாக்கியைக் கணிப்பது, விற்பனை வருடம் முழுக்க ஒரே சீராக நடந்தால்தான் சரி. வருடக் கடைசியில் நிற்கும் பாக்கி கடைசி இரண்டு மூன்று மாதங்களில் விற்றது. வளர்ச்சி முழுவதும் கடைசிக் காலாண்டில் வந்திருந்தால், ஒருவர்கூடத் தாமதிக்காமலேயே பாக்கி 240-ஐத் தாண்டிவிடும். மாத வாரியாக விற்பனை கிடைத்தால் வாங்கிவிடுங்கள். காலாண்டு முடிவுகளை மட்டும் வைத்துக் கணிப்பவர்களுக்கு இது இன்னும் பெரிய தலைவலி. பண்டிகைக் கால விற்பனை உள்ள தொழிலில் வருடக் கடைசி விகிதத்தை நடுக் காலாண்டுக்குப் போட்டால் வரும் எண்ணுக்கு அர்த்தமே இருக்காது.

ஓரப்பார்வை:
வட்டியை என்ன செய்வது? 66-இல் வட்டிச் செலவு 22 கழிந்தே இருக்கிறது. சில அறிக்கைகளில் அதை நிதித் திரட்டல் பகுதியில் போட்டிருக்கிறார்களே?

பேரேடு:
நாட்டுக்கு நாடு, தரநிலைக்குத் தரநிலை மாறும். அமெரிக்க விதிப்படி கட்டிய வட்டியும் வாங்கிய வட்டியும் செயல்பாட்டுப் பகுதியில். சர்வதேசத் தரநிலையில் இதுவரை நிறுவனத்துக்கே விருப்பம் விட்டிருந்தார்கள். அதனால் இரண்டு நிறுவனங்களை ஒப்பிடும்போது முதலில் வட்டி எங்கே என்று பார்த்துவிட வேண்டும். இந்த நிறுவனம் வட்டிச் செலவை நிதிப் பகுதியிலும் வைப்பு வட்டியை முதலீட்டுப் பகுதியிலும் போட்டால், அதே 66 ஒரே நொடியில் 84 ஆகிவிடும். தொழிலில் ஒன்றும் மாறியிருக்காது. 2027 ஜனவரி முதல் நடைமுறைக்கு வரும் புதிய சர்வதேசத் தரநிலை ஐஎஃப்ஆர்எஸ் 18, வங்கி முதலியவை தவிர்த்த நிறுவனங்களுக்கு இந்த விருப்பத்தை எடுத்துவிடுகிறது. கட்டும் வட்டி நிதிப் பகுதிக்கு, வாங்கும் வட்டி முதலீட்டுப் பகுதிக்கு. நாம் செய்ததுபோல லாபத்திலிருந்து தொடங்கித் திருத்திக்கொண்டு போகும் மறைமுக முறையில் தொடங்கும் புள்ளியும் செயல்பாட்டு லாபம் என்று ஆகிறது.

வாடகைக் கிடங்கு அதிகம் உள்ள நிறுவனம் என்றால் இன்னொரு பொறி. குத்தகைக்கான சர்வதேசத் தரநிலை ஐஎஃப்ஆர்எஸ் 16 வந்த 2019 முதல், நீண்டகால வாடகை என்ற இனம் லாப நட்டக் கணக்கில் பெரும்பாலும் காணாமல் போய், தேய்மானமாகவும் வட்டியாகவும் உருமாறிவிட்டது. அந்தத் தேய்மானத்தை நாம் வழக்கம்போலத் திருப்பிக் கூட்டுகிறோம். ஆனால் வாடகைக்கான காசு மாதாமாதம் போய்க்கொண்டுதான் இருக்கிறது, அதன் பெரும்பகுதி நிதிப் பகுதியில் பதிவாகிறது. விதிப்படி 66 சரி, ஆனால் கடன் கட்டும் சக்தியைப் பார்ப்பவர்கள் அந்தக் குத்தகைத் தவணையைத் தனியாகக் கழித்துக்கொள்ள வேண்டும்.

காளைக்கொம்பு:
இந்த முறை எல்லா நிறுவனத்துக்கும் பொருந்துமா? சந்தா வாங்கி நடத்தும் மென்பொருள் நிறுவனத்தில் வளர வளரப் பணம் குவியும். அங்கே உங்கள் 47 என்ன ஆகும்?

நெடுந்தூரம்:
அங்கே குறி மாறிவிடும். ஒரு வருடச் சந்தாவை முன்கூட்டியே வாங்கிவிட்டு மாதாமாதம்தான் வருமானமாக எழுதுவார்கள். வாங்கியும் எழுதாத தொகை முன்பணமாகப் பொறுப்புப் பக்கத்தில் நிற்கும். விற்பனை ஏறினால் அதுவும் ஏறும், பணப்புழக்கம் லாபத்தைத் தாண்டும். ரொக்கத்துக்கு விற்று, சப்ளையருக்குத் தாமதமாகக் கொடுக்கும் பெரிய சில்லறைக் கடைகளுக்கும் இதே கதை. நேர் எதிர் நீண்டகால ஒப்பந்தக் கட்டுமானம். வேலை முடிந்த சதவீதத்துக்கு வருமானம் எழுதிவிடுவார்கள், பில்லே போட்டிருக்க மாட்டார்கள். அந்தத் துறையில் லாப நட்டக் கணக்கை மட்டும் வைத்துப் பணப்புழக்கம் சொல்லச் சொன்னால் நான் மறுத்துவிடுவேன். வங்கிக்கும் காப்பீட்டு நிறுவனத்துக்கும் இந்த முறையே வேண்டாம், அவர்களுக்குப் பணமேதான் சரக்கு.

மழைத்துளி:
எல்லோருக்கும் நன்றி. 33 முதல் 99, நடுவில் 66 என்று கொடுத்துவிட்டேன். அறிக்கை வந்ததும் இங்கே போடுகிறேன்.

மழைத்துளி:
தணிக்கை முடிந்து வந்துவிட்டது. அவர்கள் காட்டியிருக்கும் செயல்பாட்டுப் பணப்புழக்கம் 38. பாக்கி 262, சரக்கிருப்பு 131, சப்ளையர் பாக்கி 88. வட்டிச் செலவைச் செயல்பாட்டிலேயே வைத்திருக்கிறார்கள், வைப்பு வட்டி 4 மட்டும் முதலீட்டுப் பகுதியில்.

நம் 66-இல் பாக்கிக்காக இன்னும் 22, சரக்குக்காக 5 கழித்து, சப்ளையர் வகையில் 4 கூட்டினால் 43. வைப்பு வட்டி 4 போக 39. மீதி 1 வரி பாக்கியிலோ முன்பணத்திலோ இருக்கலாம் என்று விட்டுவிட்டேன்.

வசூல் நாள் 73-இலிருந்து 80 ஆகிவிட்டது. வாடிக்கையாளர்கள் இழுத்தடிக்க ஆரம்பித்துவிட்டார்கள் என்று எழுதலாமா?

பேரேடு:
அந்த 1-க்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.

நெடுந்தூரம்:
இழுத்தடிப்பு என்று எழுதும் முன் கடைசிக் காலாண்டு விற்பனை எவ்வளவு என்று சொல்லுங்கள். போன வருடத்துக்கும் சேர்த்து.

மழைத்துளி:
இந்த வருடம் 325. போன வருடம் அதே காலாண்டில் 250.

நெடுந்தூரம்:
பார்த்தீர்களா. காலாண்டுக்கு 91 நாள் என்று வைத்தால், போன வருடம் 250-இல் 73 நாள் விற்பனை ஏறக்குறைய 200. இந்த வருடம் 325-இல் அதே 73 நாள் ஏறக்குறைய 261. உங்கள் பாக்கி 262. யாரும் ஒரு நாள்கூட அதிகமாக எடுத்துக்கொள்ளவில்லை. 80 நாள் என்பது கடைசிக் காலாண்டுப் பாக்கியை வருடச் சராசரியால் வகுத்ததால் வந்த தோற்றம்.

காளைக்கொம்பு:
ஆக, நான் சொன்னதுதானே! பணம் அடுத்த காலாண்டில் வந்துவிடும்.

நெடுந்தூரம்:
வரலாம். ஆனால் 250-இலிருந்து 325 என்பது 30 சதவீத ஏற்றம், மற்ற ஒன்பது மாதத்தில் ஏற்றம் 750-இலிருந்து 875, அதாவது 17 சதவீதத்துக்குள். வருடக் கடைசியில் ஏன் இந்த அவசரம்? உண்மையான தேவையாக இருக்கலாம். இலக்கை எட்டுவதற்காகக் கடைக்காரர்களின் கிடங்கில் சரக்கைத் தள்ளிவிட்டிருக்கவும் கூடும். தள்ளிவிட்டது என்றால் புது வருடத்தின் முதல் மாதத்தில் திரும்பி வரும். மழைத்துளி, அந்த மாதத்துக்கான விற்பனைத் திருப்பமும் (திரும்பி வந்த சரக்கின் கணக்கு) கிரெடிட் நோட்டுப் பட்டியலும் (வாடிக்கையாளர் பாக்கியைக் குறைத்து எழுதிய சீட்டுகள்) கேட்டு வாங்க முடியுமா?

மழைத்துளி:
கேட்டுவிட்டேன் சார். விற்பனைத் திருப்பம் மாத இறுதியில்தான் தொகுப்பார்களாம். கிரெடிட் நோட்டுப் பட்டியல் நாளை அனுப்புவதாகச் சொன்னார்கள். வந்ததும் இந்த இழையிலேயே போடுகிறேன்.